மூன்றாம் கியர்

ரஸ்க் பெட்டிக்கு எடை கிடையாது.
பின்சீட்டில் பதினாலு கட்டி
காலிடுக்கில் இரண்டை நிறுத்தி
சமாதானபுரத்திலிருந்து பேட்டை வரைக்கும்
தினமும் போய்வருகிறேன்.
எண்பத்தொன்பதாம் மாடல், கைக்கியர்.
மூன்று ஒரு நாளும் முரண்டியதில்லை.

ஜெபக்கனி ஏறினால் மட்டும்
நழுவுகிறது.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

முதல் வாரம் சொல்லவில்லை.
கியர் கேபிளை இறுக்கினேன், தளர்த்தினேன்.
கைப்பிடியில் 3 என்கிற எண்
கோட்டுக்கு நேரே நிற்கிறதா என்று
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
நின்றது.
ஆயில் மாற்றினேன்.
ஞாயிறு ஆராதனைக்குப் போகிற வழியில்
சபையார் நாலு பேர் பார்க்க
வண்டி கத்தியது, நகரவில்லை.
"பெட்ரோல்ல தண்ணி" என்றேன்.
அவள் பைபிளைப் பைக்குள் வைத்து
ஜிப்பை இழுத்தாள்,
முழு நீளத்துக்கும், மெதுவாக.

மைதீன் பிச்சை ஓட்டிப் பார்த்தார்.
ஒட்டடைக்கம்பு மாதிரி இருப்பார் மனுஷன்.
"ஒண்ணுமில்லையே வே, பஞ்சு மாதிரில்லா போவுது."
இன்னொரு சுற்று. மறுபடியும் பஞ்சு.
"எதுக்கும் கிளட்ச் பிளேட்ட மாத்திருவோம்."
ஆயிரத்து நூறு ரூபாய்.
அன்று சாயங்காலமே கொக்கிரகுளம் ஏற்றத்தில்
பின்னால் அவள், கீழே சக்கரம்,
நடுவில் ஒன்றுமே இல்லை.

வண்ணார்பேட்டையில் உதிரிபாகக் கடையில்
பதினோரு வருஷமாக பில் போடுகிறாள் ஜெபக்கனி.
ஒரு சாமானையும் வண்டிக்குள் பார்த்ததில்லை.
எது எத்தனை போகிறது,
எதை வாங்கியவன் மறுவாரம் வந்து
வேறொன்று கேட்கிறான்
என்பதெல்லாம் தெரியும்.
சாப்பிடும்போது கேட்டாள்:
"நான் ஏறினாத்தான, இல்லையா?"

சோறு தொண்டையில் நின்றது.

"எழுபத்தெட்டு கிலோ. கடைத் தராசுல ஏறிப் பாத்தேன்.
அது ஒரு எடை, அவ்வளவுதான்.
கை கழுவிட்டு வாங்க, பாலத்துக்குப் போவோம்."

இரவு பத்தரை. ஈரடுக்குப் பாலம்.
இரண்டாவதில் ஏறச் சொன்னாள். ஏறியது.
"மூணு போடுங்க. முறுக்குங்க. இன்னும்."

டக்.

எஞ்சின் தனியாகக் கத்தியது,
யாரோ வீட்டுச் சண்டை போல.
"கைப்பிடி தானா திரும்பிச்சா?"
இல்லை.
"அப்ப கேபிள் இல்ல. முறுக்குனத விடுங்க."
விட்டேன். தடக்கென்று கவ்வியது.
"முறுக்குங்க."
டக்.
"கிளட்ச்னா இழுத்துக்கிட்டே வழுக்கும்.
இது கடிச்சுட்டு விடுது.
கியர் கிராஸ்தான்.
பிளேட் வாங்கிட்டுப் போனவன்ல பாதிப்பேரு
திரும்பி வந்து கேக்கது அதத்தான்."
பின்னால் ஒரு ஆட்டோ ஒதுங்கி
"தள்ளணுமா அண்ணாச்சி?" என்றது.
"வேண்டாம்ப்பா, டெஸ்ட்டு நடக்கு" என்றாள்.
கீழே ரயில் போய் முடிகிற வரைக்கும்
நாங்கள் பேசவில்லை.

எஞ்சினை இறக்கி இரண்டாகப் பிளந்து
மண்ணெண்ணெயில் கழுவி
என் உள்ளங்கையில் வைத்தார் மைதீன் பிச்சை.
நாலு கை உள்ள சின்ன இரும்புச் சிலுவை.
முனையெல்லாம் மழுங்கி
குளியலறையில் கடைசியாக மிஞ்சிய சோப்பு மாதிரி.
"சும்மா ஓட்டுனா பிடிக்கும் வே.
பாரம் வந்தா விட்டுரும்."
யாரைச் சொல்கிறார் என்று
நிமிர்ந்து பார்த்தேன்.
அவர் சர்க்ளிப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

போன ஜூனில்
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் அவள் அம்மாவுக்கு
ராத்திரி துணைக்கு ஆள் வேண்டியிருந்தது.
ஒன்பது ராத்திரி.
எனக்குப் பேட்டை லைன் இருந்தது.
ரஸ்க் பெட்டிக்கு எடை கிடையாது.

கிராஸுக்கு அவள் கையாலேயே பில்.
ஸ்டாஃப் தள்ளுபடி போட்டிருந்தாள்.
பழைய சிலுவையை எறியாமல்
சட்டைப்பையில் வைத்திருந்தேன்,
துவைக்கும்போது எடுத்து
ஜன்னலில் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மறுபடியும் பாலம்.
அவள், அவள் பை, ஐந்து கிலோ உளுந்து.
மூன்றில் முறுக்கினேன்.
பிடித்தது. உச்சி வரைக்கும் பிடித்தது.
"சரியாயிட்டு" என்றேன் திரும்பாமல்.

காற்றில் கொஞ்சம் கழித்து வந்தது குரல்:
"நாலு இன்னும் பாக்கலயே."